அப்பா, தொண்ணூறு நிமிடம்

எங்கப்பா போன ஜூன் மாதம் படமாக ஓட ஆரம்பித்தார். வாரம் ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து ஐந்தரைக்கு முடிவார்.

ஃபிலிம் சொசைட்டி மொட்டை மாடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிர்த்த வீட்டு மாடி அறையின் ஜன்னல் தெரியும். ஜன்னலுக்குள் அப்பா தெரிவார். சட்டை தேய்ப்பார். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். பிறகு இன்னொரு சட்டை தேய்ப்பார். ஐந்தரைக்கு ஜன்னலைச் சாத்துவார். அதுதான் முடிவு. எல்லோரும் கை தட்டுவார்கள்.

எனக்கு இது கடையில் வைத்துத்தான் தெரிய வந்தது. நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். கெமிஸ்ட்ரி வரவில்லை, அவ்வளவுதான், வேறு சோகக் கதையெல்லாம் கிடையாது. தூத்துக்குடி ரெண்டாம் ரயில்வே கேட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். சொசைட்டிக்காரர்கள் நோட்டீஸ் அறுபது காப்பி கேட்டார்கள். 'தனிஸ்லாஸ். தமிழ். வண்ணம். தொண்ணூறு நிமிடம். நடுத்தர வயது மனிதன் ஒருவனின் ஓய்வு நாள்' என்று போட்டிருந்தது. முப்பதாவது காப்பி வரும்போதுதான் மேலே இருந்த போட்டோவைக் கவனித்தேன். மீதி முப்பதையும் போட்டு, ஓரம் வெட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அதான் ரெண்டு நாளா ஆளக் காணோமா என்றாள்.

சொசைட்டியின் செயலாளர் அருமைநாயகம் சார். காலேஜில் பிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவர். முன்னால் அவர்கள் நிஜப் படம்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புரொஜெக்டர் பல்பு போய்விட்டது. அந்தப் பல்பு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. கூட்டம் போட்டு, இனி ஆளையே ஓட்டிவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். முதலில் ஒரு தையல்காரரை ஓட்டினார்கள். பார்க்க ஆள் குறைந்ததும் அவரை அலமாரியில் வைத்துவிட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அடுத்த படத்துக்குச் சார் ஊர் முழுக்க அலைந்திருக்கிறார். ரெண்டாம் கேட்டில் எங்கப்பாவைப் பார்த்தாராம். ஐஸ் பேக்டரி வேலை முடிந்து வரும் வழி. கூட்ஸ் வண்டி போய், கேட்டைத் திறந்து, எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு போன பிறகும், அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். அடுத்த வண்டிக்குக் கேட்டை மறுபடி சாத்தினார்கள். அதற்கும் நின்றார். சார் பக்கத்தில் போய், என்ன பாக்கிறீங்க என்று கேட்டாராம். ஒண்ணுமில்ல சார் என்றாராம் அப்பா. அந்த ஒண்ணுமில்லையில் ஒரு ஆழம் இருந்தது என்று சார் எங்களிடம் சொன்னார். வீட்டில் அதை அவர் தினமும் சொல்வார். நாங்கள் ஆழம் பார்த்ததில்லை.

அம்மாவும் நானும் உறுப்பினர் ஆனோம். அட்டையின் பின்பக்கம் விதிகள் இருந்தன. பார்வையாளர் படத்தைக் கூப்பிடக் கூடாது. கையசைக்கக் கூடாது. கடைசி விதி இது: படம் பார்வையாளரைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது படமில்லை, ஆள்.

முதல் காட்சிக்கு அம்மா பூசைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரிசை. அப்பா அன்றைக்கு நான்கு சட்டை தேய்த்தார். இடது கைக்காரர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிஜம். வீட்டில் இருக்கும்போது அவரைத் தொண்ணூறு நிமிடம் யாரும் பார்த்ததில்லை. தொண்ணூறு வினாடிகூடப் பார்த்திருக்க மாட்டோம். போகும்போது சட்டை, வரும்போது சைக்கிள் மணி. அதுதான் அப்பா.

படம் முடிந்ததும் காராபூந்தியும் டீயும் கொடுத்து, கலந்துரையாடல் நடத்துவார்கள். அது பெரிய வேதனை. பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர் எழுந்து, அறையில் ஒரு நாற்காலி இருந்தும் அவர் கட்டிலில்தான் உட்காருகிறார், அந்தக் காலி நாற்காலி வராமல் போன ஒரு பெண்ணைக் குறிக்கிறது என்று கால் மணி நேரம் பேசினார். அம்மா கை தூக்கினாள்.

"அது எங்க வீட்டு நாக்காலி. ஒரு காலு ஒடைஞ்சது. அதான் ஒக்காரல."

அதுவும் ஒரு வாசிப்புதான் என்றார் சார்.

நான் அவரை நேராகப் போய்ப் பார்க்க முயற்சி செய்யாமல் இல்லை. எதிர்த்த வீட்டுப் படியேறிப் போனால் மேலே வெறும் சுவர். கதவு படத்துக்குள் வராததால் கதவு வைக்கவில்லை என்றார் சார். ஜன்னல் வழியாகப் போகிற ஒரே ஆள் ஆபரேட்டர் சவரிமுத்து அண்ணன். மூடிப்போன ஒரு தியேட்டரில் முப்பது வருடம் ரீல் மாட்டியவர். சனிக்கிழமை காலையில் ஏணி வைத்து ஏறி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அப்பாவைத் துடைத்துவிட்டு வருவார். நான் ஏணியைப் பிடிப்பேன். ஒரு சனிக்கிழமை நானும் ஏறிவிட்டேன். ஆனால் சனிக்கிழமை அடுத்த காட்சிக்காக அப்பாவை ரீல் மாதிரிப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். தேய்த்த சட்டை அவர் கையில் கசங்கிக்கொண்டே வந்தது. கவிழ்த்த டம்ளர் நிமிர்ந்து அழுக்கானது. அப்பா என்றேன். அவர் வாயிலிருந்து ஏதோ உள்ளே போனது. இறங்கி வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் சவரிமுத்து அண்ணன் கீறலைக் காட்டினார். அப்பாவின் நெற்றியிலிருந்து முழங்கால் வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு.

"பாக்கப் பாக்கத் தேயும்ட்டி. ஒரு பிரிண்ட்டு நூறு ஷோ தாங்கும். ஒங்கப்பா மெல்லிசு."

அதற்குப் பிறகு என்னால் படத்தை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் தேய்வார். பார்க்காமல் வீட்டில் இருந்தால் ரெண்டு நாற்காலி காலியாகும், ஆள் குறைகிறது என்று அலமாரியில் வைப்பார்கள். நான் வாரம் ஒரு இடமாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு வாரம் கணுக்கால். ஒரு வாரம் காதுமடல். ஒரு வாரம் முழுக்க அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தேன், அது போனால் வேறு தைத்துக்கொள்ளலாம் என்று. அம்மாவிடமும் அப்படிப் பார்க்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. முதல் நாளிலிருந்து அவருடைய இடது கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் அந்தக் கை மங்கியது. செப்டம்பரில் மணிக்கட்டு வரை காணவில்லை. இஸ்திரிப் பெட்டி தானாகச் சட்டை மேல் போய் வந்துகொண்டிருந்தது. இப்போ எங்க பாக்கிற என்று கேட்டேன். அதே எடந்தான் என்றாள்.

சரி, அவரை ஆளாக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினேன். ஒரே ஒரு தடவை எங்களைப் பார்த்தால் போதும். கூப்பிடக் கூடாது, கையசைக்கக் கூடாது என்றுதான் விதி. மீன் பொரிக்கக் கூடாது என்று இல்லை.

அடுத்த ஞாயிறு அம்மா ஒரு சின்ன அடுப்பை மொட்டை மாடிக்குத் தூக்கி வந்து சீலா மீன் பொரித்தாள். அவருக்கு உயிர். கடல் காற்று எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து ஜன்னலைப் பார்த்து அடித்தது. உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா பெட்டியை அப்படியே சட்டை மேல் வைத்துவிட்டார். மூக்கை நிமிர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, கீறல் வந்ததும் ரெண்டாகப் பிரிந்து இறங்கியது. சட்டை கருகிப் புகை வந்தது. எல்லாம் நடந்தது, திரும்பிப் பார்ப்பதைத் தவிர.

கடைசி வரிசையில் அன்றைக்கு வெளியூர்க்காரர்கள் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டு விழாவுக்குப் படம் பொறுக்க வந்தவர்கள். மீன் வாசனையும் படத்திலேயே உள்ளது என்று நினைத்துவிட்டார்கள். எழுந்து வந்து அம்மாவுக்குக் கை கொடுத்தார்கள். அம்மா ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அப்பாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"ஒங்கப்பா உலகப் படம் ஆயிட்டாரு பாப்பா" என்றார் சார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாற்பது ஊர். ஊருக்கு ஐந்து காட்சி. எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை முத்துநகர் எக்ஸ்பிரஸ் வந்த பிறகு கிளம்புகிற பார்சல் வண்டியில் ஏற்றுவதாக முடிவானது. நாற்பதை ஐந்தால் பெருக்க எனக்குத் தெரியும், அதற்குக் கெமிஸ்ட்ரி வேண்டாம். சவரிமுத்து அண்ணனிடம் போய், எரநூறு ஷோ ஓடினா என்ன மிஞ்சும் என்று கேட்டேன். அவர் பஞ்சைப் பிழிந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார். கட்டிலும் சொவரும் நல்லாவே இருக்கும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி. கடையில் ஒருவருடைய ரேஷன் கார்டைத் தலைகீழாகப் பத்து காப்பி போட்டு அவரிடம் திட்டு வாங்கினேன். வியாழக்கிழமை அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது கோபத்தில் கேட்டேன், அந்த மனுசன் யாரையாவது எப்பவாவது பார்ப்பாரா மாட்டாரா என்று. அம்மா தண்ணீரை வடித்தாள். ரெண்டாவது தண்ணீர் ஊற்றினாள். அப்புறம்தான் சொன்னாள்.

"நாம டிவி பாக்கும்போது நம்மளத்தான் பாத்துட்டு இருப்பாரு. ஷோகேஸ் கண்ணாடில தெரியும்."

"எத்தன வருசமா?"

"நீ பொறக்க முன்ன இருந்தே."

"ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்லாம்மா?"

"நான் திரும்புனா பாக்கிறத நிறுத்திருவாருட்டி."

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருடமாக ரெண்டு பேரும் கண்ணாடி வழியாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து நான் சீரியல் கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கொஞ்சம் நகர்ந்தாவது உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை டிவியை ஆட்டோவில் ஏற்றிச் சொசைட்டிக்குக் கொண்டு போனோம். சவரிமுத்து அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவருக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வைத்து, கீழேயிருந்து ஒயர் இழுத்தோம். அம்மாவும் நானும் எங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம்.

பேங்க்காரர் இது படத்தை அவமதிப்பது என்றார். சார் விதிப் புத்தகத்தை எடுத்து நிதானமாக ரெண்டு தடவை படித்தார். உறுப்பினர்கள் உட்கார வேண்டும் என்றுதான் இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து என்று இல்லை. சத்தத்த மட்டும் கொறச்சு வச்சுக்கோங்க என்றார்.

நாலு மணிக்கு அப்பா ஆரம்பித்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. டிவியில் ஒரு அம்மா கோலா உருண்டை செய்துகொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி மேசையில் உட்காரும் சத்தம் மட்டும் பின்னாலிருந்து கேட்டது. கழுத்து எரிந்தது. திரும்பினால் என்ன, ஒரு தடவை பார்த்தால் என்ன என்று இருந்தது. தலையைக் கொஞ்சம் அசைத்தேன். அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். கத சொல்லு, என்ன போடுதாங்க அதுல என்றாள். சோம்பு போடுதாங்க என்றேன். பொறவு? பொட்டுக்கடலயப் பொடிச்சுப் போடுதாங்க. பொறவு? இப்படியே அரை மணி நேரம் சொன்னேன்.

ஐந்து மணிக்கு மேல் வெயில் சாய்ந்து டிவி மேல் அடித்தது. கோலா உருண்டை வெளுத்துப்போனது. கண்ணாடியில் அம்மா தெரிந்தாள், நான் தெரிந்தேன், எங்கள் ரெண்டு தலைக்கும் நடுவில், தீப்பெட்டி அளவுக்கு, ஜன்னல் தெரிந்தது. அப்பா பெட்டியை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு கையால்தான், இன்னொன்று இல்லையே. நேராக எங்கள் முதுகைப் பார்த்தார்.

அம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியை மட்டும் ஒருமுறை ஒதுக்கிவிட்டாள்.

"எண்ணெ காயுது" என்றேன் நான்.

பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம் கேட்டது. பதினோரு நிமிடம் பார்த்தார், கண்ணை இமைக்கவில்லை என்று சவரிமுத்து அண்ணன் பிறகு சொன்னார். வாட்சைப் பார்த்தாராம். அருமைநாயகம் சார் எங்கள் முன்னால் வந்து நின்று, டிவியை மறைத்துக்கொண்டு சொன்னார்.

"ஆளாயிட்டாரு. கூட்டிட்டுப் போங்க."

அவர் முகம் செத்துப்போயிருந்தது. பாவமாக இருந்தது. அடுத்த மாதத்துக்கு யாரை ஓட்டுவீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. தையல்காரர் இருக்கும் அலமாரியின் சாவியை வாங்கி வர சார் ஆள் அனுப்பினார்.

அப்பா ஏணி வழியாக இறங்கினார். வந்தது நேராக டிவிக்கு. ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் நான். ஆட்டோ கிளம்பும்போது சவரிமுத்து அண்ணன் தலையை உள்ளே நீட்டி, ஒரு விஷயம், வெளிநாட்டுக்குப் போகுதுன்னு வெள்ளிக்கிழமையே அடியில சப்டைட்டில் எழுத்து ஒட்டிட்டாங்க, அது இனி உரியாது என்றார். அம்மா சரி என்றாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அது ஓடியது. மீனு நல்லாருக்கு என்றார் அப்பா. அவர் நெஞ்சுக்குக் கீழே, சட்டை மேல், வெள்ளையாக ரெண்டு வரி வந்து, கொஞ்சம் நின்று, போனது. விழா நடக்கிற நாட்டின் எழுத்து போல. ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் எழுத்து நிற்கவில்லை. மூன்று வரி, நாலு வரி என்று வந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டை மென்றுகொண்டிருந்தார், ஒரு முழுப் பக்கம் போனது.

போனில் எடுத்துப் பார்த்தேன். அப்பா மட்டும்தான் விழுகிறார், எழுத்து விழவில்லை. அதனால் ஒரு பழைய டைரியில் கையால் எழுதி வைக்கிறோம். பாதிதான் பிடிக்க முடிகிறது. ஒரு வார்த்தை அடிக்கடி வருகிறது, தலையில் ஒரு வளையம், வாலில் ஒரு கொக்கி. அது தன் பெயர் என்கிறாள் அம்மா. சாப்பிடும்போதுதான் அதிகம் வருகிறது, உப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஓடும்போதெல்லாம் அம்மா நிமிர்கிறாள், நான் உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துகிறேன்.

நேற்றிலிருந்து அம்மாவுக்கும் ஓடுகிறது. அவளுக்கு ஒரே வரிதான், அதுவும் அவருக்கு முடிந்த பிறகுதான் வரும். ரெண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். நான் அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு என்று ரெண்டு பேனாவில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குக் கை கழுவப் போகும்போது குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். எனக்கு இன்னும் வரவில்லை.